பாலத்தைத் தாங்கியவளுக்கு என் ஓட்டு

ரயிலில் எனக்கு எதிரே உட்காருகிறவர்கள் முதலில் என் கையில் இருக்கும் புத்தகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் முகத்தை, பிறகு மறுபடியும் புத்தகத்தை. முப்பத்தெட்டு வயதுப் பெண். காட்டன் புடவை, தோளில் சாப்பாட்டுப் பை. கையில் இருப்பதோ, மின்னல் கக்கும் மனிதர்கள் ஒருவரையொருவர் மாடிக் கட்டடத்தின் மேல் தூக்கி அடிக்கிற வண்ணப் புத்தகம். "பையனுக்கா வாங்கினீங்க?" என்று கேட்பார்கள். "எனக்குத்தான்" என்பேன். அதற்குமேல் யாரும் பேச்சை வளர்க்க மாட்டார்கள்.

செங்கல்பட்டில் வீடு, மதுராந்தகத்தில் கிளார்க் வேலை. போகும்போது ஒரு இதழ், வரும்போது ஒரு இதழ். மாதாமாதம் வெளிவரும் அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ்கள் இருபத்திரண்டு பக்கம்தான். எங்கள் ரயிலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். சென்னையில் ஒரு கடைக்காரர் மாதம் ஒரு பார்சல் அனுப்புவார். கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி காலிசெய்துவிட்டுப் போனபோது கட்டிலுக்கடியில் விட்டுச் சென்ற ஒரு கட்டுப் புத்தகத்தில் பிடித்த கிறுக்கு இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆங்கிலம் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தப் புத்தகங்களில்தான் ஆங்கிலம் கற்றேன். அதனால் எனக்குத் தடங்கலில்லாமல் வந்த முதல் ஆங்கில வாக்கியங்கள் எல்லாமே மிரட்டல்கள்தான்.

இத்தனை வருடம் படித்ததில் எனக்குச் சில தீர்மானமான கருத்துகள் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை "இனி எதுவும் பழையபடி இருக்காது" என்று அட்டையில் போட்டு ஒரு பெரும்போர் நடத்துகிறார்கள். அந்தப் போர் புரிய வேண்டுமானால் வேறு ஆறு தலைப்புகளையும் வாங்க வேண்டும். போர் முடிந்த மறு மாதமே எல்லாம் பழையபடி இருக்கும். செத்த நாயகர்கள் திரும்பி வருகிற வேகம் வேறு. எங்கள் தெருவில் என்றால் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல் போடுவதற்குள் ஆள் வாசலில் வந்து நிற்பான். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் கதையை நிறுத்திவிட்டு மறுபடியும் முதல் இதழ் என்று எண் போட்டு ஆரம்பிக்கிறார்கள். பாதி இதழில் ஓவியர் மாறிவிடுகிறார். எட்டாம் பக்கத்தில் ஒடுங்கிய முகத்தோடு இருந்தவன் ஒன்பதாம் பக்கத்தில் பூரி மாதிரி உப்பியிருப்பான். இதையெல்லாம் மன்னித்துவிட்டு நான் மாதாமாதம் காத்திருந்தது ஒரு சின்ன இதழுக்காக.

அதன் நாயகிக்கு ஒரே ஒரு சக்திதான். இரண்டு கால்களும் தரையில் இருக்கும்வரை எவ்வளவு பாரத்தையும் தாங்குவாள். பறக்க மாட்டாள். கண்ணிலிருந்து எதுவும் வராது. பகலில் ஒரு துணி வெளுக்கும் கடையில் வேலை செய்வாள். ஒவ்வொரு இதழும், இந்த மாதமே கடைசி என்பது போல, விற்பனையில் தத்தளித்துக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி ஆசை இருக்கிறவர்களுக்குப் பேச ஒரு ஆள் வேண்டும். எனக்கு அப்படி யாரும் இல்லை. பொத்தேரியில் கல்லூரி மாணவர்கள் சிலர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பரோட்டா கடையின் மாடியில் கூடி காமிக்ஸ் பேசுகிறார்கள் என்று இணையத்தில் பார்த்தேன். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று போட்டிருந்தார்கள். கோடை ஆரம்பத்தில் ஒரு நாள் தைரியமாகக் கிளம்பிப் போனேன்.

மாடியில் இருபது பேர் இருந்திருப்பார்கள். ஒருவன் எழுந்து மரியாதையாக, "ஆன்ட்டி, யாரையாச்சும் தேடி வந்தீங்களா?" என்று கேட்டான். காமிக்ஸ் பேச வந்தேன் என்றதும் நாற்காலி கொடுத்தார்கள். எல்லோரும் ஆங்கிலத்தில் பேசியதால் நானும் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். என் நாயகியைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்வதற்குள் வேர்த்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் நன்றாகப் பேசக்கூடிய ஒரு மாணவன் இருந்தான். கணீரென்ற குரல், கையில் பெரும்போர் இதழ்கள் மொத்தமும். அவன் சிரித்துக்கொண்டே, "அக்கா, அது உங்க டேஸ்ட். ஆனா அதுல கதைன்னு ஒண்ணுமே நடக்கலையே" என்றான். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் சுட்டது. அடுத்த மாதம் நான் போகவில்லை.

மழைக்காலம் தொடங்கும்போது பாலம் இதழ் வந்தது.

கதை இவ்வளவுதான். நகரத்தில் ஒரு மேம்பாலம் சரிகிறது. மூன்றாம் பக்கத்தில் நாயகி அதன் அடியில் போய் நின்று தோளைக் கொடுக்கிறாள். கடைசிப் பக்கம்வரை அப்படியே நிற்கிறாள். கீழே மாட்டிக்கொண்ட பேருந்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கி வெளியேறுகிறார்கள். வில்லன் இல்லை, ஒரு குத்துகூட இல்லை. கடைசி ஆள் வெளியே போனதும் இதழ் முடிகிறது. இணையத்தில் திட்டித் தீர்த்துவிட்டார்கள். ஒரு மாதம் காத்திருந்ததற்கு ஒரு பெண் நிற்கிறதையா காட்டுவது என்றார்கள். நான் மதுராந்தகத்தில் இறங்க மறந்து அடுத்த நிலையத்தில் இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பி வந்தேன். அவ்வளவு பிடித்திருந்தது. ஏன் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

என் கணவருக்கு மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் வேலை. செதுக்குகிறவர் இல்லை. கல்லை லாரியிலிருந்து இறக்குவது, செயின் புல்லி போட்டுத் தூக்குவது, முடிந்த சிலையைப் பதமாக வண்டியேற்றுவது, இதெல்லாம் அவருடைய குழுவின் வேலை. தினம் பைக்கில் போய்வருவார். என் புத்தகங்களை அவர் தொட்டதில்லை. "உன் பொம்ம புக்கு" என்பார், அவ்வளவுதான்.

சில நாள் கழித்து ஒரு இரவு அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாலம் இதழ் மேஜையில் திறந்து கிடந்தது. இடது கையால் ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம். சோறு காய்ந்துகொண்டிருந்தது.

"இத யாரு வரஞ்சது?" என்றார்.

"யாரோ வெளிநாட்டுக்காரர். ஏன்?"

"அந்தாளு எங்கியாவது லோடு வேல செஞ்சிருப்பான் போலகீதே."

"இன்னாங்க சொல்றீங்க?"

"கால பாரு. இதுல ரெண்டு பாதமும் நேரா கீது. இங்க வா, இந்தப் பக்கத்துல இடது பாதம் வெளிய திரும்பிச்சி. தூக்குறது வேற, தாங்குறது வேறம்மா. தூக்குறது ஒரு மூச்சு. செயின் வழுக்கிச்சின்னு வெச்சுக்க, அடியில மரக்கட்ட குடுக்கிற வரைக்கும் நாலு பேரு கல்லத் தாங்கிகினு நிக்கணும். மொதல்ல கையில இருக்கிற பாரம் இடுப்புக்கு வரும், அப்பால ஒரு காலுக்கு எறங்கும். இவன் அத அப்படியே போட்டுகீறான்."

நான் புத்தகத்தை இழுத்துக்கொண்டேன். பத்து முறை படித்திருப்பேன். பத்து முறையும் அவள் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன். இப்போது பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். மூன்றாம் பக்கத்தில் முழுச் செருப்பும் தெரிகிறது. எட்டாம் பக்கத்தில் செருப்பின் அடிப்பாகம் சாலையின் தாருக்குள் மறைந்துவிட்டது. பதினான்கில் கணுக்கால் இல்லை. இருபதில் ஆடுசதையில் பாதி தரைக்குள். அவள் இருபது பக்கமாகச் சாலைக்குள் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒன்றுமே நடக்காத இதழ் என்றார்களே! நடந்தது எல்லாம் காலடியில் நடந்திருக்கிறது.

"நீங்க ஒரு ஞாயித்துக்கிழம எங்கூட பொத்தேரிக்கு வர்றீங்க" என்றேன்.

"நான் இன்னாத்துக்கு? எனக்கு இங்கிலீசு வராது."

"எனக்கும்தான் வரல."

வருடக் கடைசிக் கூட்டத்தில் அந்த ஆண்டின் சிறந்த இதழைக் கை தூக்கித் தேர்ந்தெடுப்பது அவர்கள் வழக்கம். ஒவ்வொரு இதழுக்கும் ஒருவர் ஐந்து நிமிடம் வாதாட வேண்டும். நான் பெயர் கொடுத்தேன். என் இதழின் பெயரைப் படித்ததும் இரண்டொருவர் சிரித்தார்கள். கணீர்க் குரல் மாணவன் எனக்கு முன்னால் பேசினான். பெரும்போரின் கடைசி இதழ் அவனுடையது. ஒரே பக்கத்தில் நாற்பது நாயகர்கள் பாய்ந்து வருகிற படத்தை விரித்துக் காட்டினான். அழகான படம்தான், மறுப்பதற்கில்லை. கைத்தட்டல் பலமாக இருந்தது.

நான் எழுந்தேன். "நான் தமிழ்லயே பேசுறேன்பா" என்றேன். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அப்போதே பாதிப் பயம் போய்விட்டது. நாற்பது பேர் பாய்கிற படத்தை அவனிடமிருந்து வாங்கினேன்.

"இதுல நாப்பது பேரு கீறாங்க. எத்தன பேரோட பாதம் தெரியுது? எண்ணிச் சொல்லுங்க."

எண்ணினார்கள். ஒரு காலும் தெரியவில்லை. கீழே முழுக்கப் புகை, தூசி, வெளிச்சம்.

"பாதம் வரையிறது கஷ்டம். அதான் புகைய போட்டு மறச்சிட்டாரு. என் ஓவியர் மறைக்கல" என்று பாலம் இதழைத் திறந்தேன். அப்போது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் கணவர் கேட்காமலே எழுந்து வந்தார். மூலையில் நிறைந்த இருபது லிட்டர் தண்ணீர் கேன் இருந்தது. அதைத் தூக்கி வந்து கணீர்க் குரல் மாணவன் முன்னால் வைத்தார்.

"தம்பி, இத தூக்கி தோள்ல வெச்சுகினு நில்லு. அக்கா பேசி முடிக்கிற வரைக்கும் நின்னா போதும்."

"இவ்ளோதானா?" என்று அவன் சிரித்துக்கொண்டே தூக்கினான். திடகாத்திரமான பையன். ஒரே மூச்சில் தோளுக்கு ஏற்றினான். நண்பர்கள் விசிலடித்தார்கள்.

"தூக்கிட்டான். சூப்பர்" என்றார் என் கணவர். "இனிமே யாரும் மூஞ்சிய பாக்காதீங்க. கால மட்டும் பாருங்க."

நான் பக்கம் பக்கமாகப் பேசினேன். கூட்டம் ஒரு கண்ணால் புத்தகத்தையும் ஒரு கண்ணால் அவன் பாதங்களையும் பார்த்தது. எட்டாம் பக்கத்துக்கு நான் வந்தபோது அவன் இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது. பதினோராம் பக்கத்தில் அவனுடைய இடது பாதம், அவனுக்கே தெரியாமல், மெல்ல வெளிப்பக்கம் திரும்பியது.

"மச்சான், திரும்பிடுச்சுடா!" என்று ஒருத்தி கத்தினாள். படத்தில் இருந்த அதே கோணம். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். சிலர் முன்னால் வந்து தரையில் குந்தி அவன் காலையும் என் கையிலிருந்த பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். அவனும் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "அக்கா, அந்த இருபதாம் பக்கத்தக் காட்டுங்க" என்றான், கேனை இறக்காமலே. காட்டினேன். தரைக்குள் பாதி புதைந்த அந்தக் காலைப் பார்த்துவிட்டு, அவன் கேனை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டான்.

"இவ ஒரு தடவ கூட 'முடியல'ன்னு சொல்லல" என்றேன். "சொன்னா பஸ்ல இருக்கிறவங்க பயந்துடுவாங்க. அதனால நமக்கும் சொல்லல. ஒண்ணுமே நடக்கலன்னு நாமளும் நம்பிட்டோம்."

என் கணவர் கேனை வாங்கி இறக்கிவைத்தார். ஓட்டெடுப்பில் பாலம் இதழுக்குக் கை தூக்கச் சொன்னார்கள். முதலில் எழுந்தது நடுங்கிக்கொண்டிருந்த ஒரு கை. கணீர்க் குரல் மாணவனுடையது. பிறகு யாரும் எண்ணக்கூட இல்லை. தூக்காதவர்கள் மூன்று பேர்தான், அவர்களும் பெரும்போருக்கு மேஜை தட்டிவிட்டுச் சிரித்தார்கள். சுவரில் இருந்த கரும்பலகையில் என் இதழின் பெயரைப் பெரிதாக எழுதினார்கள். கீழேயிருந்து கடைக்காரர் இன்னா சத்தம் என்று மேலே வந்து பார்த்தார். என் வாழ்க்கையில் நான் ஜெயித்த முதல் வாக்குவாதம் அது. பரிசு எதுவும் கிடையாது. ஆனால் பரோட்டாவும் சால்னாவும் அவர்கள் செலவில். என்னை யாரும் ஆன்ட்டி என்று கூப்பிடவில்லை. என் கணவரை மட்டும் "அண்ணாத்த, அண்ணாத்த" என்று சுற்றிக்கொண்டு, நாற்பது பேர் பாயும் அந்தப் பக்கத்தில் வேறென்ன தப்பு என்று கேட்டார்கள். அவர் வாயில் பரோட்டாவோடு ஒவ்வொருவராகச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் பாலம் இதழைப் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனார். நான் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆயிரம் பத்திரம் சொல்லி அனுப்பினேன். மாலையில் திரும்பி வந்தபோது உறையில் கல்தூசி படிந்திருந்தது. ஓரத்தில் ஒரு டீக்கறை.

"இன்னாங்க இது?"

"கோவப்படாத. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் பாத்தாங்க. பாதம் சரின்னுட்டாங்க. ஆனா நம்ம மேஸ்திரி, பதினேழாம் பக்கத்துல முதுகு தப்புன்றாரு. அவ்ளோ பாரத்துல முதுகு அப்படி நேரா இருக்காதாம்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் எப்படிச் சொல்லலாம்? அடுத்த விடுமுறை நாளில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து நானே மாமல்லபுரம் போனேன். பட்டறையில் உளிச் சத்தத்துக்கு நடுவே, வெள்ளைத் தூசி பூசிய ஏழெட்டுப் பேர் வேலையை விட்டுவிட்டு என்னைச் சுற்றி நின்றார்கள். மேஸ்திரி பதினேழாம் பக்கத்தைத் தொட்டு, "இங்க பாரும்மா" என்று ஆரம்பித்தார். நான் பதினாறாம் பக்கத்தைத் திருப்பி, "மொதல்ல இத பாருங்க" என்றேன். பேருந்தின் கடைசி இருக்கையில் மாட்டிக்கொண்டவர் அந்தப் பக்கத்தில்தான் அவளைத் திரும்பிப் பார்க்கிறார். அவர் பார்க்கிறார் என்பதற்காகத்தான் பதினேழில் அவள் நிமிர்ந்து நிற்கிறாள்.

மேஸ்திரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு பக்கங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்படின்னா சரி" என்றார். "இதுக்கு முன்னால வந்ததெல்லாம் வெச்சிருக்கியாம்மா?"