ஆடி நின்ற பல்

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. மலேசியாவில், கூலாய் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்பில் அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்பல் விழுந்திருந்தது. இவளுக்கு ஒன்றுகூட விழவில்லை. அதனால் கீழ் முன்பல் ஒன்று ஆடத் தொடங்கியதும் வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஓய்வு நேரத்தில் தோழிகள் வந்து விரலால் தொட்டுப் பார்த்தார்களாம்.

சில வாரங்களில் அந்தப் பல் ஆடுவதை நிறுத்திக்கொண்டது.

நான் செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அன்று ஷிப்ட் முடிந்து வந்தபோது, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பல்லைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஈறில் ரத்தம் கசிந்திருந்தது.

"ஏன்டா இப்படிப் பண்றே?"

"ஆடவே மாட்டேங்குதும்மா. நான் பொய் சொன்னேன்னு எல்லாரும் சொல்றாங்க."

தொட்டுப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. அது ஆடியதை நானே பார்த்திருந்ததால் எனக்கும் பயம் வந்தது. அந்தச் சனிக்கிழமையே கிளினிக்குக்கு அழைத்துப் போனேன்.

பல் டாக்டர் என்னைவிட இளைய பெண். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு முதலில் என் மகளிடம்தான் பேசினார்.

"பாப்பா பொய் சொல்லல. இது ஆடுன பல்லுதான்."

பிறகு எங்கள் இருவருக்கும் விளக்கினார். "புதுப் பல்லு மேல வர வர, பால் பல்லோட வேரு கரையும். ஆனா ஒரே மூச்சா கரையாது. நடுவுல கொஞ்ச நாள் நிக்கும். அப்ப உடம்பு கரைஞ்ச இடத்தப் பூசிச் சரி பண்ணும், பல்லு மறுபடி இறுகிடும். கரைக்கிற செல்லு வேற, பூசுற செல்லு வேற. யாரு எப்ப வேலை செய்யணும்னு சொல்றதுக்குச் சில புரதங்க இருக்கு. வளர்ச்சிக் காரணின்னு சொல்வோம்."

"விழப்போற பல்ல எதுக்கு டாக்டர் சரி பண்ணுது?" என்றாள் மகள்.

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "விழற வரைக்கும் அது உன் பல்லுதானே கண்ணு. அதான் உடம்பு பார்த்துக்குது."

வீடு திரும்பும் வழியில், "பாவம்மா அது. நான் போட்டு இழுத்துட்டேன்" என்றாள்.

அதன்பின் அந்தப் பல்லின் மேல் அவள் கை வைக்கவே இல்லை. திங்கட்கிழமை வகுப்பில் டாக்டர் சொன்னதைச் சொன்னாளாம். பாதிப் பேர் நம்பினார்கள், பாதிப் பேர் சிரித்தார்கள். "பரவால்லம்மா" என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

தீபாவளிக்குத் துணி எடுக்க, துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் போயிருந்தோம். பல் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது. நான் சேலை பார்த்துக்கொண்டிருக்கையில், மூடிய கையோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"வந்திருச்சும்மா. வலிக்கவே இல்ல."

கடைக்காரப் பெண் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். பல்லின் அடியில் வேரே இல்லை, ஓரம் மட்டும் சொரசொரப்பாக இருந்தது. ஈறைத் தடவிப் பார்த்தேன். புதுப் பல்லின் முனை விரலில் பட்டது. அவள் விரலையும் பிடித்து அங்கே வைத்தேன். வாயைத் திறந்தபடியே சிரித்தாள்.

வீடு திரும்பும் வழியில், யோங் பெங் ஊரைத் தாண்டும்போது காரின் பின் சீட்டில் தூங்கிவிட்டிருந்தாள்.