வளர்த்தவள் கையில் வந்த சீர்

தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டியில் நடந்தது இது. அப்போது நான் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தேன். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்தை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் நான் ஃபேன் காற்றில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவள் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் பார்த்தது கட்டை என்கிற மரச் சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற வேலை.

என் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கிய தோழி மஞ்சள்காமாலையில் இறந்தபோது அவள் மகளுக்கு மூன்று வயது. தகப்பன் பம்பாய்க்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டான். எனக்குப் பிள்ளை இல்லை. "கொஞ்ச நாள் வச்சிரு" என்று ஒப்படைத்துவிட்டுப் போன அவன் சொந்தக்காரர்கள் திரும்பி வரவே இல்லை. கொஞ்ச நாள் பத்து வருஷமானது. நடுவில் என் கணவரும் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அந்த வீட்டில் நானும் அவளும்தான்.

ஒரே ஒருவர் மட்டும் வந்துகொண்டிருந்தார். தோழியின் தம்பி, பிள்ளைக்குத் தாய்மாமன். பசுவந்தனைப் பக்கம் செம்மறி ஆடு மேய்த்து, காடு காடாகப் போய், உரத்துக்காக ராத்திரி ஆடுகளை அங்கேயே அடைத்துக் கிடை போடுகிறவர். வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து வாசலில் நிற்பார். அவரைப் பார்த்ததும் பிள்ளையை உள்ளே போகச் சொல்லிவிடுவேன். பிள்ளையைக் கேட்டுவிடுவாரோ என்ற பயம். தத்துப் பத்திரம், கோர்ட் காகிதம் எதுவும் என்னிடம் கிடையாது. டியூஷன் போயிருக்கிறாள் என்று பொய் சொல்லி, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவேன். கடைசியாக வந்தபோது, "அடிக்கடி வராதீங்க தம்பி, பிள்ளை மனசு குழம்புது" என்று சொல்லியே விட்டேன். தலையை ஆட்டிவிட்டுப் போனவர் அப்புறம் வரவில்லை. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது பெரிய மனுஷி ஆனாள். மூன்றாம் நாளே கழுகுமலைப் பக்கத்திலிருந்து தகப்பனின் அக்கா வந்து இறங்கினாள். பத்து வருஷத்தில் ஒரு தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காதவள்.

"இம்புட்டு நாள் வளத்ததுக்கு நல்லாருப்ப. பதினாறாம் நாள் தண்ணி ஊத்தி, நாங்க கூட்டிட்டுப் போயிருதோம். படிச்சது போதும். எம் மவன் முறை மாப்பிள்ளைல்லா" என்றாள்.

அந்த முறை மாப்பிள்ளைக்கு இருபத்து நான்கு வயது. என் பிள்ளைக்குப் பதிமூன்று.

நான் ஏறாத படி இல்லை. வீட்டுக்கார அம்மா, "சொந்தக்காரவிய கேக்காவ, நாம குறுக்க நிக்கலாமா?" என்றார். ஆபீஸில் கூட இருந்தவர்கள் குனிந்து குச்சி அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிறவர், "பிள்ளைக்கு நீ யாரும்மா?" என்று கேட்டார். வளர்க்கிறவள் என்றேன். கோர்ட் காகிதம் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பினால், சடங்கு முடியும்வரை வெளியே வரக் கூடாது என்று பிள்ளை உள்ளே தனியாக உட்கார்ந்திருந்தாள், நான் வெளியே தனியாக உட்கார்ந்திருந்தேன். இத்தனை வீடுகள் உள்ள தெருவில் எனக்காக ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லையே என்று அழுதேன்.

கடைசியில், நான் விரட்டிவிட்ட மனிதரைத் தேடித்தான் பஸ் ஏறினேன். பசுவந்தனையில் இறங்கி விசாரித்தால், கிடை எங்கோ தள்ளிப் போய்விட்டது என்றார்கள். கரிசல் காட்டில் மத்தியானம் வரை நடந்தேன். பருத்தி எடுத்த காடு கண்ணுக்கெட்டிய தூரம் வெறிச்சென்று கிடந்தது. ஒரு ஆடு சத்தம்கூட இல்லை. டீக்கடையில் தகவல் சொல்லிவிட்டுத் திரும்பினேன். தகவல் போகுமா, போனாலும் விரட்டினவள் கூப்பிட்டதற்கு அவர் வருவாரா என்று பஸ் முழுக்க அதே நினைப்பு.

பதினாறாம் நாள் அத்தை வேனில் ஆட்களோடு வந்தாள். தாலி இழந்தவள் சடங்கில் முன்னால் நிற்கக் கூடாது என்று என்னை அடுப்படியில் இருக்கச் சொன்னாள். நானும் இருந்தேன். என் வீட்டிலேயே நான் ஒளிந்து நின்று, அவர்கள் பிள்ளையின் துணிமணிகளைப் பையில் அடுக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணி வாக்கில் வாசலில் அவர் குரல். மனைவியோடு, கால் முழுக்கப் புழுதியோடு, சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். அத்தை கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"அக்கா எங்க?"

"உங்கக்காதான் செத்துப் போனாள்ல?"

"வளத்த அக்காவக் கேக்கேன்."

நேரே அடுப்படி வாசலுக்கு வந்து என்னிடம் தட்டை நீட்டினார். நான் பின்னால் நகர்ந்தேன். என் கை இதையெல்லாம் தொடலாமா என்று வாய் குழறியது.

"பிடிங்கக்கா. தூக்கிட்டே நிக்கேன், கை வலிக்குதுல்லா" என்றார்.

வாங்கினேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை ஓவென்று அழுதுவிட்டாள். அவர் திரும்பி, "தகப்பன் வரட்டும், பேசுதேன். அதுவரைக்கும் பிள்ள இங்கனதான் இருப்பா, பள்ளிக்கூடம் போவா. தாய்மாமன் சொல்லுதேன்" என்றார். சடங்கு வீட்டில் தாய்மாமன் பேச்சை மீறி யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். அத்தை கத்திப் பார்த்தாள். கூட வந்தவர்களே அவளை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தெரு இப்போதுதான் விழித்தது. வீட்டுக்கார அம்மா ஆரத்தித் தட்டோடு வந்து நின்றார். கோபம் வந்தது, ஆனாலும் வாங்க என்றேன்.

அடுத்த மாதமே வக்கீலைப் பார்த்து, என்னைக் கார்டியன் ஆக்கச் சொல்லி மனு போட்டோம். இரண்டு வருஷம் இழுத்துத்தான் உத்தரவு வந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆட்டை யாரிடமாவது விட்டுவிட்டு வந்துவிடுவார். ஒருநாள் கோர்ட் வராந்தாவில், விரட்டினவளுக்காக ஏன் தம்பி அலைகிறீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"நான் பிள்ளையக் கேக்க வரலக்கா. ஒத்தையில வச்சு வளக்காவளே, எப்படி இருக்காவன்னு பாக்கத்தான் வந்தேன்" என்றார்.

என்னைப் பார்க்க ஒருவர் வந்துகொண்டிருந்தார் என்பதே எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. மகள் படித்து, வேலைக்குப் போய், இப்போது அவளுக்கே பிள்ளை இருக்கிறது. யார் வீட்டிலாவது அடுத்தவர் பிள்ளை வளர்கிறது என்று கேள்விப்பட்டால் நான் ஒரு நடை போய் எட்டிப் பார்க்கிறேன். வளர்க்கிறவர்கள் உதவி கேட்டு வாய் திறக்க மாட்டார்கள், திறந்தால் பிள்ளை கையை விட்டுப் போய்விடுமோ என்று பயந்தே கிடப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.