நாற்பது டின் அச்சு முறுக்கு

ரெம்பியா ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஆன்ட்டி தீபாவளிக்கு நாற்பது டின் அச்சு முறுக்கு கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. பாக்டரி வேலையை விட்டுவிட்டு பாச்சாங்கில் இருக்கும் எங்கள் வீட்டு அடுப்படியில் தொடங்கிய தொழிலுக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். "சனிக்கிழமைக்கு ஒரு டின் குறைஞ்சாலும் இனிமே வேற ஆள பாத்துக்குவேன்லா," என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

எனக்கென்ன பயம்? பாக்டரியில் எட்டு வருடம் இதைத்தானே செய்தேன்: எத்தனை கெட்டுப்போய் ரிஜெக்ட் ஆகும் என்று பார்த்து, அதற்குத் தக்கபடி எத்தனை கூடுதலாகச் செய்வது என்று திட்டம் போடுவது. நூற்றுக்குப் பத்து உடையும் என்று வைத்து மாவு கரைத்தேன். உடைந்ததை வீட்டில் தின்னலாம், முழுசைத் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டேன்.

முதல் நாள் சொன்னபடி பத்துதான் உடைந்தது. மறுநாள் இருபது. மாவைக் கூட்டிக் கரைத்து இன்னும் அதிகமாகச் சுட்டேன். மூன்றாம் நாள் நூற்றுக்கு முப்பது! தேங்காய்ப் பாலைக் குறை சொன்னேன், அரிசி மாவைத் திட்டினேன், எண்ணெயை மாற்றினேன். வியாழக்கிழமை வந்துவிட்டது, இன்னும் பதினொரு டின் பாக்கி.

அப்போது ஹாலில் 'டக்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். டின்னில் அடுக்க உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், நல்ல முறுக்கு ஒன்றை அழகாக இரண்டாக்கிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது?"

"ரிஜெக்ட்லா," என்றார் வாய் நிறைய. "உடைஞ்சததான் திங்கணும்னு நீதானே சொன்ன?"

அட பாவி மனுஷா! நான் அதிகமாகச் சுடச் சுட, இவரும் அதிகமாக உடைத்திருக்கிறார். கோபம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை காலையில் முதல் வேலையாக இருபது முழு முறுக்கை ஒரு தட்டில் வைத்து அவரிடம் நீட்டினேன். "இது உங்க பங்கு. டின் பக்கம் கை போச்சு, தொலைச்சிடுவேன்." அன்றைக்கு நூற்றுக்கு நான்குதான் உடைந்தது. நாற்பது டின்னும் நிறைந்து, மேசையில் மிச்சமும் கிடந்தது.

சனிக்கிழமை ஆன்ட்டி ஒவ்வொரு டின்னாகத் திறந்து பார்த்தார். அடுத்த வருடம் எண்பது டின் என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

"சரி, உடைஞ்சது எங்க? பிள்ளைங்க அதத்தான் கேட்டு வாங்குதுங்க. ஒரு இருபது பை கொண்டா."

உடைந்ததையெல்லாம் வீட்டிலேயே தின்று தீர்த்தாயிற்று, ஒரு பைகூட இல்லை. கடை வாசலுக்கு வந்து வீட்டுக்கு போன் போட்டேன். "என்னங்க, மேசையில மிச்சம் இருக்குல்ல? உக்காந்து உடைச்சு வைங்க. ஆனா ஒண்ணுகூடத் திங்கக்கூடாது."



"அப்புறம் எதுக்குலா உடைக்கணும்?" என்றார்.