கொடி ஏறாத கோடை

ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் அந்தக் கடல்முனைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் சுமியே. பிறந்தது உள்நாட்டில், உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே. வந்த புதிதில் காற்றுக்குப் பயந்து காதைப் பொத்திக்கொண்டே திரிந்தாள். பிறகு, கணவன் தோகுஜி படகில் அள்ளி வரும் ஆளுயரத்துக்கும் நீண்ட கடற்பாசியைச் சரளைக் களத்தில் நீட்டிக் காயப் போட்டே அவள் இளமை கழிந்தது.

இந்தக் கோடையில், கடல்நாய்கள் படுத்துக் கிடக்கும் ஆளில்லாப் பாறைத்திட்டுகளுக்கு நடுவே தோகுஜியின் படகு மட்டும் கவிழ்ந்து மிதந்தது. ஆளைக் காணவில்லை.

காலையில் வானத்தைப் பார்த்துக் கொடிக்காரர் கொடி ஏற்றினால்தான் படகுகள் பாசிக்குப் போகும். ஒருவன் கடலில் காணாமற்போனால் கொடி ஏறாது. எல்லாப் படகுகளும் தேடத்தான் போகும். மறுபடி கொடி ஏற உடல் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டுப் பெண் வாய்திறந்து ‘போதும்’ என்று சொல்ல வேண்டும்.

சுமியே சொல்லவில்லை. அழவுமில்லை. சொல்லிவிட்டால், அவள் வாயாலேயே அவன் செத்தவனாகிவிடுவானே.

மாலைதோறும் கொழுந்தன் செய்ஜி வாசலில் வந்து நிற்பான்.

“தண்ணியில தலை தெரிஞ்சுது அண்ணி. கிட்டப் போனா கடல்நாய். நம்மளையே முறைச்சுப் பாக்குது.”

“சாப்பிட்டுப் போ.”

ஊருக்குப் பாசி பறிக்க இந்த ஒரு பருவம்தான். பளீரென்ற வெயில் நாள்கணக்கில் வீணாய்ப் போனது. யாரும் முகம் சுளிக்கவில்லை. சோற்று உருண்டை கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

ஒரு நாள், பக்கத்து வீட்டு ஃபுகி தன் கணவனிடம் பேசுவது சுவர் தாண்டிக் கேட்டது.

“இந்த வெயிலை தோகுஜி அண்ணன் பாத்திருந்தா, கொடிக்காரக் கிழவன் தூங்குறானான்னு கூரையில கல்லு விட்டிருப்பாரு.”

“மெதுவாப் பேசுடி. அண்ணி காதுல விழப்போகுது.”

“விழட்டுமே. சிரிக்கவாவது செய்வாங்க.”

சுமியேவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு கொடிக்காரர் நகாயா வீட்டுக்கு நடந்தாள்.

“மாமா, நாளைக்குக் கொடி ஏத்திடுங்க.”

அவர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “யோசிச்சுத்தான் சொல்றியாம்மா? இன்னும் கொஞ்சம் தேடலாம். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“அதான் மாமா. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. போதும்.”

மறுநாள் விடியலில் கொடி ஏறியது. படகுகளின் இரைச்சலில் கடல்நாய்கள் பாறையிலிருந்து சரிந்து நீரில் இறங்கின. செய்ஜியின் படகு மட்டும் பாசிப் பக்கம் போகாமல் பாறைகளைச் சுற்றிக்கொண்டிருந்தது.

வெயில் ஏறியதும், ஈரப் பாசி நிறைந்த வண்டியை ஃபுகி சுமியேவின் வெறுங்களத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“எங்க களத்துல இடம் பத்தல அண்ணி. இங்க போட்டுக்கவா?”

பொய். அவர்கள் களம் பாதி காலியாகத்தான் கிடந்தது.

“போடு.”

ஆளுக்கொரு முனையாகப் பிடித்து நீட்டினார்கள். ஃபுகிதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு விசும்பினாள்.

“மடிப்பு விழுது பாரு,” என்றாள் சுமியே. “நல்லா இழு.”