பன்னிரண்டாவது பாட்டு யார் மெட்டு?

இந்த ஆடி மாதம் ஒரு ஜப்பான் பாடகி என் நிம்மதியைக் கெடுத்தார். அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. நான் ஒருத்தன் இருப்பது அவருக்கும் தெரியாது.

அடையாறில் ஒரு வீட்டுக்கு ஸ்பீக்கர் ரிப்பேருக்குப் போயிருந்தேன். இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும் – ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், கோயில் திருவிழாவுக்கு மைக் செட். அந்த வீட்டு மேடம் ஜப்பான் மொழி சொல்லித் தருகிறவர். கரகரவென்று இருந்த ஸ்பீக்கரைக் கழற்றி, வயரை மாற்றி, "ஒரு பாட்டு போட்டுப் பாருங்க மேடம்" என்றேன்.

போட்டார்.

மெத்தென்று ஒரு பெண் குரல். பாஷை புரியவில்லை. ஆனால் மெட்டு...?

கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். அது எங்கள் ஏழுமலையின் பாட்டு!

ஏழுமலை யார் என்று சொல்லிவிடுகிறேன். திருவான்மியூரில் எங்கள் தெருக்காரன். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் கீழ்த்தளத்தில் வண்டிகளுக்கு இடம் காட்டி நிறுத்த வைப்பது அவன் வேலை. பதினெட்டு வருஷமாக அங்கேதான். ஆடி பிறந்தால் மட்டும் கவிஞன் ஆகிவிடுவான். எங்கள் தெரு அம்மன் கோயிலுக்கு வருஷா வருஷம் பாட்டுப் புத்தகம் அவன் எழுதுவதுதான்.

அந்த மாதிரிப் புத்தகத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 'இன்ன சினிமாப் பாட்டு மெட்டு' என்று ஒரு வரி இருக்கும். பாடுகிற பெண்களுக்கு அந்த ஒரு வரி போதும். யாரும் சொல்லித் தர வேண்டாம், கூட்டமே பிடித்துக்கொள்ளும். இதில் ஒளிவு மறைவு கிடையாது. வெட்கமும் கிடையாது.

ஆனால் கோயில் கமிட்டியில் தனபால் என்று ஒருவர் இருக்கிறார். "இன்னா காப்பி ஏழுமல, இந்த வருஷம் எந்தப் படத்துல கை வச்ச?" – எத்தனையோ வருஷமாக இதே கிண்டல். ஏழுமலையும் சிரிப்பான். சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

இந்த வருஷப் புத்தகத்தில் பன்னிரண்டு பாட்டு. பதினொன்றுக்கு வழக்கம்போல சினிமா மெட்டு. பன்னிரண்டாவதின் தலையில் மட்டும் இரண்டே வார்த்தை – 'சொந்த மெட்டு'.

வா வா வா வா வா... என் தாயே வா...

முதல் வெள்ளிக்கிழமை அவனே பாடிக் காட்டியதும் தெருவே மெச்சியது. தனபால்கூட "பரவால்லியே" என்றார். மூன்றாம் வெள்ளிக்கிழமை மேடையில் ஏழுமலைக்குப் பொன்னாடை போர்த்துவதாகக் கமிட்டியில் முடிவானது. அதற்கென்று ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருந்தான்.

அந்த மெட்டுதான் இப்போது அடையாறில் ஜப்பான் பாஷையில் ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்ன பாட்டு மேடம்?"

"ஜப்பான் பாட்டு. இந்தப் பொண்ணு அங்க ரொம்ப ஃபேமஸ்." அதற்குள் அவருக்குப் போன் வந்துவிட்டது. மேற்கொண்டு கேட்க எனக்குக் கூச்சம். பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

பஸ் ஏறும்போதே சந்தேகம் தொடங்கிவிட்டது. முதலில் ஜப்பான்காரி மேல். நம் ஆள் பாட்டை யாராவது வாட்ஸப்பில் அனுப்பி, அது அப்படியே... சேச்சே, எங்கள் தெரு அம்மன் பாட்டு டோக்கியோ வரைக்கும் போகுமா? இறங்கும்போது சந்தேகம் பக்கம் மாறியிருந்தது. அப்படியென்றால்... ஏழுமலையா?

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிக்காதவன் என்றால் எல்லோரும் ஏமாற்றத்தான் பார்ப்பார்கள் என்பது சின்ன வயதிலேயே மனதில் படிந்துவிட்டது. யாராவது எனக்குக் கை கொடுத்தால், கையை எடுத்ததும் என் மோதிரம் இருக்கிறதா என்று பார்ப்பேன். எல்லார் மேலும் சந்தேகப்படுவேன். ஆனால் சம்பந்தப்பட்ட ஆளிடம் நேராகக் கேட்க மட்டும் வாய் வராது.

அதனால் மறுநாள் டீக்கடையில் தனபாலிடம் கேட்டேன். சொல்லவில்லை. கேட்டேன், அவ்வளவுதான்.

"அந்தப் பன்னண்டாவது பாட்ட எங்கியோ கேட்ட மாதிரி இல்ல?"

"எங்க கேட்ட?"

"சும்மா... ஒரு இதுக்கு."

சந்தேகத்தை ஏன் எப்போதும் கேள்வியாகவே கேட்கிறோம் தெரியுமா? நாளைக்கு யாராவது பிடித்தால் 'கேட்டேன், சொன்னேனா?' என்று நழுவிக்கொள்ளலாம். காலையில் நான் கேட்ட கேள்வி, சாயங்காலம் பதிலாகத் தெருவைச் சுற்றி வந்தது. 'ஏழுமல எங்கியோ சுட்டுட்டானாம்ல!' பொன்னாடையைக் கமிட்டி நிறுத்தி வைத்தது. ஏழுமலை என்னைத் தாண்டிப் போனான். முகம் வாடியிருந்தது. நான் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயருக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து அடையாறு மேடம் மறுபடி கூப்பிட்டார். இன்னொரு பக்க ஸ்பீக்கரும் கரகரக்கிறதாம். அன்றைக்கு எப்படியோ தைரியம் வந்தது.

"அந்த ஜப்பான் பாட்டு மேடம்... அந்தப் பொண்ணோட சொந்த மெட்டா?"

"இல்லையே! இந்த ஆல்பம் முழுக்கப் பழைய ஐரோப்பிய கிளாசிக்கல் மெட்டுதான். இவ வார்த்தை போட்டுப் பாடியிருக்கா. நீங்க கேட்ட பாட்டு பியானோவுக்கு எழுதினது, இருநூறு வருஷம் இருக்கும்." சிடி அட்டையைப் பிரித்துக் காட்டினார். "பாருங்க, ஒவ்வொரு பாட்டுக்குக் கீழயும் பொடி எழுத்துல இருக்கு, யாரோட மெட்டுன்னு."

பார்த்தேன். அட, நம் கோயில் புத்தகம்! நாம் தலையில் போடுவதை அவர்கள் காலடியில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பாட்டை மேடம் என் போனுக்கு அனுப்பி வைத்தார்.

ஜப்பான்காரி மேல் இருந்த சந்தேகம் தீர்ந்தது. ஏழுமலை மேல் இருந்தது இரண்டு மடங்கானது. இருநூறு வருஷப் பியானோவுக்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம்? யார் கொடுத்தது?

மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன்பே தி.நகருக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடிக்கத்தான். வேறென்ன?

கீழ்த்தளத்தில் ஏழுமலை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். புடவை மூட்டைகளோடு ஒரு குட்டியானை லோடு வண்டி பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. அவன் கையை ஆட்டினான்.

"வா வா வா வா வா... லைட்டா ரைட்ல ஒடி... வா வா..."

வண்டியின் பின்னால் ஒரு குட்டி ஸ்பீக்கர். ரிவர்ஸ் கியர் போட்டதும் அது பாடிக்கொண்டே வந்தது.

அதே மெட்டு.

ஸ்பீக்கரோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு இது எப்படித் தெரியாமல் போனது? இப்போது கார்களுக்கு கேமரா வந்துவிட்டது. அதற்கு முன்பு இந்த ஊரில் பின்னால் வந்த பாதி வண்டிகள் இதைத்தானே பாடின? ஆயிரம் முறை கேட்டிருப்பேன். 'வண்டி வருது, ஒதுங்கு' என்றுதான் காதில் விழுந்திருக்கிறது. பாட்டாக ஒருமுறைகூட விழவில்லை.

"இன்னா நைனா, இந்தப் பக்கம்?" ஏழுமலை திரும்பினான். "வூட்ல புடவ எடுக்கணுமா?"

"அந்த வண்டி பாடிச்சே... கேட்டியா?"

"வண்டி இன்னா பாடும்?"

டிரைவரிடம் இன்னொரு தரம் முன்னே போய்ப் பின்னே வரச் சொன்னேன். "காலங்காத்தால வேற வேல இல்லியாண்ணே உங்களுக்கு?" என்று முனகினாலும் எடுத்தார். வண்டி பாடியது. ஏழுமலையின் கை பழக்கத்தில் தானாக எழுந்தது. "வா வா வா வா..."

ஐந்தாவது 'வா' வெளியே வரவில்லை. கை அப்படியே நின்றது.

வண்டி நின்று, மூட்டைகள் இறங்கத் தொடங்கின.

"அப்ப மெட்டு என்து இல்லியா நைனா?" என்றான். "சத்தியமா சொல்றன், எனக்குள்ளேர்ந்துதான் வந்துச்சு. யார்கிட்டயும் எடுக்கல."

"தெரியும்."

"பதினெட்டு வருசமா காதுல ஊத்திக்கினே இருந்தா, ஒருநாள் வாய்ல வராதா?"

இதற்குமேல் மறைக்க முடியவில்லை. "தனபால் காதுல போட்டது நான்தான் ஏழுமல" என்றேன்.

என்னையே பார்த்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீயா...? மூஞ்சிக்கு நேரா 'எங்கடா சுட்ட'ன்னு ஒரு வார்த்த கேட்ருக்கலாமே. கோச்சிக்கவா போறன்?"

அடையாறில் நடந்ததைச் சொன்னேன். போனை எடுத்து அந்த ஜப்பான் பாட்டைப் போட்டுக் கொடுத்தேன். காதோடு வைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டான்.

"நல்லாத்தான் பாடிக்கீது. அந்தம்மா ஜப்பான்ல வா வான்னு யாரையாவது கூப்டுதா?"

"தெரியலியே."

"அப்ப அந்த 'வா' என்து" என்றான். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

மூன்றாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், கோயிலில் எல்லாப் புத்தகங்களையும் முன்னால் குவித்துக்கொண்டு உட்கார்ந்தான். பால்பாயிண்ட் பேனாவால் 'சொந்த மெட்டு' என்பதை அடித்தான். பக்கத்தில் 'லோடு வண்டி ரிவர்ஸ் மெட்டு' என்று எழுதினான். பாதிப் புத்தகங்களை வாங்கி நானும் எழுதினேன். என் ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, யாரும் குறை சொல்லவில்லை.

பெண்கள் பாட்டின் தலையில் இருந்த வரியைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். அப்புறம் பாடினார்கள். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, ஒருத்தருக்கும் தப்பவில்லை.

தனபால் விடுவாரா? "இன்னாபா, கடசில லோடு வண்டியவே காப்பி அடிச்சிட்டியா?"

"ஆமாண்ணே" என்றான் ஏழுமலை, மைக்கிலேயே. "மேல எழுதிகீது பாருங்க."

அன்று கூட்டம் தனபாலைப் பார்த்துச் சிரித்தது. பொன்னாடை வரவில்லை. வெள்ளைச் சட்டையை அவன் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தான்.

இதைப் பத்தியில் எழுதட்டுமா என்று கேட்டேன். இந்தத் தடவை நேராக அவனிடமே.

"எழுதிக்க நைனா. ஆனா என் கதைய எழுதிட்டுக் கீழ உன் பேரப் போட்டுக்குவியே, தலைல இன்னா போடுவ?"

நியாயம்தானே? தலையில் இடம் இல்லை என்று பத்திரிகையில் சொல்லிவிட்டார்கள், ஏழுமலை. அந்த ஜப்பான் அம்மா மாதிரி காலடியில் போடுகிறேன் –

எழுதியது நான். மெட்டு, ஏழுமலை.