உப்பளத்தில் படிக்கக் கூடாத பகுதி

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பிறந்த வீட்டில் இருந்தபோதே என் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்பாள் அம்மா. ராயபுரத்தில் எங்கள் தெரு அப்படி. ரயில் சத்தம், துறைமுகத்துச் சங்கு, வண்டிக்காரர்களின் வசவு என்று எப்போதும் ஏதாவது காதில் விழுந்துகொண்டே இருக்கும். அங்கிருந்து என்னைக் கொண்டுபோய் எண்ணூர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பெரிய யுத்தம் முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. உப்பளத்தை ஒட்டி ஓட்டு வீடு. கதவைத் திறந்தால் வெள்ளைப் பாத்திகள், அதற்கு அப்பால் கழிமுகம், அதற்கும் அப்பால் வானம். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஒரு வாரத்துக்கு. அப்புறம் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்திருந்தேன். பெட்டியில் புடவைகளுக்கு அடியில் அப்பா வைத்துக்கொடுத்த இதிகாசப் புத்தகம் ஒன்று இருந்தது. பெரிய எழுத்து, பாட்டும் வசனமும் கலந்தது. வந்த சூட்டிலேயே அதை இரண்டு தரம் முடித்துவிட்டேன். தனியாகப் படித்துப் படித்து அலுத்துப்போய், ஒரு மத்தியானம் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உப்பு வாருகிற பெண்கள் வெயிலுக்கு ஒதுங்கும் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தேன். படிக்கட்டுமா என்று கேட்டேன். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. கணக்கர் பெண்டாட்டியை யார் வேண்டாமென்று சொல்வார்கள்?

வீட்டுக்காரர் முனகினார். நாலு பேர் பேசுவார்கள் என்றார். பேசட்டும், இங்கே நாலு பேர் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

அந்தப் பெண்கள் கதை கேட்டது போல் பிறகு எந்தச் சபையிலும் நான் பார்க்கவில்லை. உப்பு அரித்த காலை நீட்டிப்போட்டுக்கொண்டு, வெற்றிலையை மென்றுகொண்டு, கதையில் வருகிறவர்களோடு நேராகவே சண்டை போடுவார்கள். சூதாடி நாட்டைத் தோற்ற ராஜாவை அவர்கள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எனக்கோ குஷி தாங்காது. காலையில் அடுப்பில் உலை கொதிக்கும்போதே, இன்றைக்கு எங்கே நிறுத்தினால் நாளை வரை தவிப்பார்கள் என்று மனசு கணக்குப் போடும்.

பங்குனிக் கடைசியில் வனவாசம் முடிந்தது. அடுத்து வருவது, ராஜகுமாரர்கள் வேஷம் மாறி ஓர் அரண்மனையில் ஒரு வருஷம் ஒளிந்திருக்கிற பகுதி. நடுவில் யாராவது கண்டுபிடித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து காட்டுக்குப் போக வேண்டும். நான் பக்கத்தைப் புரட்டினேன். பெண்களுக்கெல்லாம் தலைவியான மேஸ்திரி அம்மா எழுந்து வந்து புத்தகத்தின் மேல் கையை வைத்தாள்.

"இத்த மட்டும் படிக்காத."

அதைப் படித்தால் மழை வரும் என்றாள். மீஞ்சூர்ப் பக்கத்தில் வானம் பொய்த்துவிட்டால் கோயிலில் ஆள் வைத்து இந்தப் பகுதியைத்தான் படிக்கச் சொல்வார்களாம். ஒரு வருஷம் அப்படிப் படித்தபோது உப்பளத்துக்காரர்கள் திரண்டு போய்ச் சண்டை பிடித்தார்களாம். பயிர்க்காரனுக்குச் சோறு போடுகிற மழை, பாத்தியில் உப்பு விளைந்து நிற்கும்போது பெய்தால் இவர்கள் சோற்றில் மண் போட்டுவிடும். அது எனக்கும் தெரியும். அதற்கும் புத்தகத்துக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் எனக்கு ஏறவில்லை.

"ஐப்பசில படி. யாரு வேணாங்கறா?" என்றாள்.

ஐப்பசிக்கு இன்னும் ஆறேழு மாதம். எனக்கு ஒரு நாள் பொறுப்பதே கஷ்டம். வாயால் சுருக்கமாகச் சொல்கிறேன் என்று கெஞ்சினேன். சொன்னாலும் படித்த மாதிரிதான் என்று தீர்ப்பாகிவிட்டது. வேறு வழியில்லாமல் ஒரு வருஷத்தைத் தாண்டி யுத்தத்துக்குப் போனேன். கதை நொண்டியது. யாருக்கும் ருசிக்கவில்லை.

ஒருத்திக்கு மட்டும் அது வெறும் ருசி சம்பந்தப்பட்ட விஷயமாக இல்லை. கம்பத்தோரம் ஒதுங்கி உட்காருகிறவள். தை மாதத்துக்குப் பிறகு வேலைக்கு வந்து சேர்ந்தாள். நெல்லூர்ப் பக்கம் என்று சொல்லிக்கொள்வாள், வாயைத் திறந்தால் புளியந்தோப்புப் பேச்சு. இடது காது மடல் கிழிந்து தொங்கும். புருஷன் கம்மலோடு சேர்த்து இழுத்துவிட்டான் என்று ஒரு நாள் என்னிடம் சொன்னாள். அடுத்த தரம் உயிர் தங்காது என்று பயந்து ஓடிவந்து இங்கே ஒளிந்திருக்கிறாள். பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வரப்பில் புது ஆள் தலை தெரிந்தால் அவள் கூடையை இறக்கிவிட்டு உப்புக் குவியலுக்கு மறுபக்கம் போய்விடுவாள். மற்றவர்கள் தலை நிமிராமல் வாரிக்கொண்டிருப்பார்கள்.

அவள் மறுநாள் கிணற்றடியில் என்னை மடக்கினாள்.

"ஒரு வருசம் ஒளிஞ்சிகினு இருக்கணும்னு சொன்னியே. கண்டுபுடிச்சிட்டாங்களா, இல்லியா?"

இல்லை, தப்பிவிட்டார்கள் என்று மெல்லச் சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை. தப்பினார்கள் என்றால் எப்படித் தப்பினார்கள், தேடி வந்தவன் எதிரே வந்து நின்றபோது என்ன செய்தார்கள், அதைச் சொல்லாமல் தப்பினார்கள் என்று சும்மா சொன்னால் எப்படி நம்புவது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து கூடையோடு என்னைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வை என்னைத் தூங்கவிடவில்லை.

சித்திரையில் ஒரு சாயங்காலம் தாளாமல் வாசலில் உட்கார்ந்து அந்தப் பகுதியைப் பிரித்தேன். மனசுக்குள்தான் படித்தேன். மேஸ்திரி அம்மா அந்த வழியாகப் போனதைக் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை. அந்த வாரமே வானம் இருண்டு கொட்டித் தீர்த்தது. பாத்திகளில் நல்ல தண்ணீர் நின்றது. கீற்றுப் போட்டு மூடாத குவியல்கள் என் கண் முன்னாலேயே கரைந்து சிறுத்தன. பெண்களுக்கு அத்தனை நாள் உழைப்பும் போயிற்று, இனி தண்ணீர் வற்றும்வரை கூலியும் இல்லை.

மேஸ்திரி அம்மா நேராக என் வீட்டு வாசலுக்கு வந்தாள். "ஒன் வாயி அசஞ்சிச்சி. நா பாத்தேன்" என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வாய் அசைந்தால் மழை பெய்யுமா என்று கத்தியிருப்பேன். அவள் கால்களைப் பார்த்தேன், முழங்கால் வரை சேறு. வீட்டுக்காரர் புத்தகத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கோத்துக்கொண்டார்.

அடுத்த மூன்று நாளும் வீட்டுக்குள் கூண்டில் அடைத்த பூனை மாதிரி நடந்தேன். மழை விடவில்லை. நாலாம் நாள் காலை கொல்லைப்புறத்தில் அவள் வந்து நின்றாள், காது கிழிந்தவள். கோணிப்பையைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டிருந்தாள். வேலை இல்லாமல் எல்லோரும் கொட்டகையில்தான் இருக்கிறார்கள், புத்தகத்தைக் கொண்டு வா என்றாள். உனக்கென்ன பைத்தியமா, என்னைக் கொன்றுவிடுவார்கள் என்றேன்.

"மளதான் வந்துட்ச்சே. உப்பும் போயிட்ச்சி. இனிமே இன்னா பயம்? படி."

இந்த வாதத்தை வெல்ல எந்த வக்கீலாலும் முடியாது. மேஸ்திரி அம்மாவாலும் முடியவில்லை, அவளிடம் ஏற்கெனவே இதைச் சொல்லிவிட்டுத்தான் இவள் வந்திருந்தாள். பெட்டியின் பூட்டு பலமாக இருந்ததே தவிர, எண்ணூர்க் காற்றில் பின்பக்கத்துக் கீல் துருப்பிடித்துப்போயிருந்தது. அரிவாள்மணையின் முனையால் நெம்பினேன், கையோடு வந்துவிட்டது.

கொட்டகையில் பெண்கள் எல்லோரும் கோணியும் கொங்காணியுமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே கொட்டுகிறது, உள்ளே நான் மழையைக் கூப்பிடுகிற பகுதியைப் படித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. ராஜகுமாரர்கள் ஆளுக்கொரு வேஷம் போட்டு அரண்மனைக்குள் நுழைந்து வேலை கேட்டிருப்பார்கள், அதற்குள் வாசலில் ஓர் ஆண் குரல் கேட்டது.

நனைந்து சொட்டச் சொட்ட ஒருவன் நின்றான். மில் வேலைக்காரனின் காக்கிச் சட்டை. தன் பெண்சாதியைத் தேடித் திருவொற்றியூரிலிருந்து ஒவ்வொரு உப்பளமாகக் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னான். இடது காது அறுந்தவள் என்றான். எப்படி அறுந்தது என்று சொல்லவில்லை.

அவள் எனக்கு ஒரு முழத் தூரத்தில், கொங்காணிக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை மாதிரியே தலையை மூடிக்கொண்டு இருபது பேர் இருந்ததால்தான் அவன் கண்ணில் படவில்லை. உள்ளே வந்து ஒவ்வொரு கோணியாக விலக்கினால் முடிந்தது கதை. எல்லோருக்கும் அது தெரிந்தது. அந்தப் பதற்றத்தில் மூன்று பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். அப்படி ஒருத்தி இங்கே வரவே இல்லை என்றாள் ஒருத்தி. அவள் ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டாள் என்றாள் இன்னொருத்தி. மேஸ்திரி அம்மா, வாந்திபேதியில் செத்துப்போனாள் என்று முடித்தாள்.

அவன் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் உள்ளே ஒரு காலை எடுத்து வைத்தான். பிறகு என்னையும் மடியிலிருந்த புத்தகத்தையும் பார்த்தான்.

"நீ படிச்சவம்மா. பொஸ்தகத்த மடில வெச்சிகினு பொய் சொல்லமாட்ட. நீ சொல்லு."

மழைக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்திருந்த எனக்கு, அந்தப் புத்தகத்தின் மேலிருந்து கையை எடுத்துவிடத் தோன்றியது. ஒரு பேச்சு தப்பினால் பக்கத்தில் இருக்கிறவள் தலைமயிரைப் பிடித்து வரப்போடு இழுத்துக்கொண்டு போவான். ஆனால் பழங்கதைகளில் ஒன்றைக் கவனித்திருந்தேன். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னால் அங்கே யாரும் பொய்யராவதில்லை. நாலாவதாக ஒருவர் வந்து மூன்றும் எப்படி மெய் என்று சொல்லுவார். அந்த நாலாவது ஆள் இன்று நான்.

காது அறுந்தவர்கள் இரண்டு பேர் என்று ஆரம்பித்தேன். ஒருத்தி கூடூர்க்காரி, இங்கே வேலை செய்து, மாசியில் பேதி கண்டு செத்தவள். மேஸ்திரி அம்மா சொன்னது அவளை. இன்னொருத்தி ஒரு மத்தியானம் வேலை கேட்டு வந்தாள், இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் வேலைக்கு அப்படி ஒருத்தி வரவில்லை என்கிறார்கள். அவளுக்கு நான்தான் கஞ்சி ஊற்றினேன். காசிமேட்டுக் குடும்பம் ஒன்று ரங்கூனுக்குப் போகிறது, குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தன்னையும் கூட்டிப் போகிறார்கள் என்று சொன்னாள். விளிம்பு நசுங்கின ஒரு பித்தளைச் செம்பு வைத்திருந்தாள், அதில்தான் கஞ்சி வாங்கிக் குடித்தாள்.

செம்பு மட்டும் நிஜம், ஓடிவந்தபோது அவள் கையோடு கொண்டுவந்தது. நிஜமாக ஒன்றாவது இருந்தால்தான் நம்புவான் என்று தோன்றியது, வாயில் வந்துவிட்டது. வந்த பிறகுதான் அந்தச் செம்பு கொட்டகையில் தண்ணீர்ப் பானை பக்கத்திலேயே இருப்பது ஞாபகம் வந்தது. மேஸ்திரி அம்மா அலுத்துக்கொள்கிறவள் போல நகர்ந்து உட்கார்ந்து முந்தானையை அதன் மேல் போட்டாள்.

"அது எங்கம்மா சொம்பு" என்றான் அவன். வாசல் சேற்றிலேயே குந்திவிட்டான். "போறப்ப அளுதாளா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். அவன் அழுதான். எழுந்து, திரும்பிப் பார்க்காமல், மழையில் போனான்.

வரப்பு முனையில் அவன் தலை மறையும் வரை யாரும் தலையிலிருந்த கோணியை எடுக்கவில்லை. அவள் கொங்காணியை விலக்கினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"கப்பல்ல போனா வாந்தி வருமா?" என்றாள்.

வருமாம் என்றேன். அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டாள். பெண் என்றேன். அவர்கள் நல்ல மாதிரியா என்று கேட்டாள். நல்ல மாதிரிதான் என்றேன். அவள் இன்னும் நெருங்கி வந்து உட்கார்ந்தாள்.

"அங்க எறங்கி நா இன்னா பண்றேன்?"

எனக்குத் தெரியவில்லையே என்றேன்.

"தெரியலன்னா எப்டிம்மா? நீதான ஏத்திவுட்ட?"

யாரும் சிரிக்கவில்லை. அவளும் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. இந்தக் கரையில் அவள் இனி இல்லை. ஒரு கதையில் செத்துப்போயிருந்தாள், இன்னொன்றில் வந்து சேரவே இல்லை. உயிரோடு மிச்சமிருந்தவள் நான் கப்பலில் ஏற்றிவிட்ட அந்த ஒருத்திதான். அது புரிந்ததும் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து, மளிகை கட்டி வந்த காகிதங்களை நீவி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடுப்பு மூட்டவில்லை. வீட்டுக்காரர் வந்து உடைந்த பெட்டியைப் பார்த்துக் கத்தியதும் பாதிதான் காதில் விழுந்தது. ரங்கூனை நான் கண்டதில்லை. கண்டது ராயபுரம் ஒன்றுதான், அதையே ரங்கூனாக எழுதினேன். அவளை இடுப்பில் குழந்தையோடு கப்பல் பலகை மேல் நடக்கவிட்டு, கரையில் இறக்கி, ஒரு தெருவில் திருப்பி, ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினேன். உள்ளேயிருந்து யாரோ வா என்று கூப்பிட்டார்கள். மறுநாள் மத்தியானம் வரை எனக்குப் பொறுக்கவில்லை. காகிதங்களை மாராப்புக்குள் செருகிக்கொண்டு அந்த மழையிலேயே அவள் குடிசைக்கு நடந்தேன்.