நிற்காத பாட்டு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே முதலில் சிரிப்பவன் நான்தான். நீங்களும் இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் பட்டப்பகலில் என் காதால் கேட்டதை எப்படி இல்லை என்பேன்?

பேரையூர்ப் பக்கம் எங்கள் கபடி மைதானம். கூட்டாளி கார்த்திதான் எங்கள் ரைடர், நான் மூலையில் நின்று கால் பிடிப்பவன். ஒரே மூச்சில் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு அவன் வந்தால் பார்க்க வேண்டுமே, அப்படி ஓர் ஆட்டம்! விளையாட்டுக் கோட்டாவில் அரசு வேலைக்கு அவனுக்கு அடுத்த வாரம் செலக்‌ஷன் இருந்தது. அதற்காக ஆரப்பாளையத்தில் ஒரு ஜிம்மில் எவனோ பழக்கிவிட்ட ஊசியைப் போட ஆரம்பித்திருந்தான்.

"எதுக்குடா இந்த எழவு?"

"மாப்ள, இதப் போட்டா தம்மு எம்புட்டு நேரம் நிக்குது தெரியுமா!"

நெஞ்சு படபடவென்று அடிப்பதைக்கூடப் பெருமையாகத்தான் சொல்வான்.

அன்று மதியம் பிராக்டிஸ். எதிர்ப்பக்கம் நின்ற என்னைப் பார்த்துக் சிவந்த கண்ணோடு சிரித்து, "மாப்ள, வாரேன், முடிஞ்சா பிடி!" என்றான். வந்தான். பாய்ந்து காலைப் பிடித்தேன், இன்னும் மூன்று பேர் மேலே விழுந்து அமுக்கினார்கள். வழக்கமாகத் திமிறித் தள்ளுகிறவன் அன்று திமிறவே இல்லை, ஆனால் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பாட்டு நின்றால்தான் அவுட், அதற்குள் விட்டால் கோட்டைத் தொட்டுவிடுவான், அதனால் இன்னும் இறுக்கினோம்.

நடுவராக நின்ற அண்ணன் விசிலடித்தார். "விடுங்கடா, பாட்டு நின்னு போச்சு!"

"நிக்கலண்ணே, பாடுறான்!" நான்கு பேரும் ஒன்றாகக் கத்தினோம்.

அவர் ஓடிவந்து எங்களை இழுத்துப்போட்டுக் கார்த்தியைப் புரட்டினார். வாய் நிறைய மண், பல் கிட்டியிருந்தது. ஐயோ, நம்பினால் நம்புங்கள், அப்போதும் என் காதில் 'கபடி கபடி', மூச்சே வாங்காமல்! அவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே வேனில் மதுரைக்குப் பறந்தோம்.

"ஆபரேஷன்ல பிரஷர் இறங்குறவங்களுக்குப் போடுற ஊசிப்பா அது. இதயம் சட்டுன்னு நின்னிருக்கு, விழும்போதே உயிர் போயிருக்கும்" என்றார் டாக்டர். அந்த ஜிம்காரனை நினைத்தால் இப்போதும் கை முறுக்கேறுகிறது.

விழுந்த நொடியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை என்று அந்த அண்ணன் சாமி மேல் சத்தியம் செய்கிறார். கேட்டது அவன் மேல் கை வைத்திருந்த எங்கள் நால்வருக்கு மட்டும்தான்.

நான் இன்றும் ஆடுகிறேன். எவன் காலைப் பிடித்தாலும் சரி, அவன் பாட்டு நின்று, விசிலும் ஊதிய பிறகு, அடியில் இன்னொரு குரல் பாடிக்கொண்டே இருக்கிறது. கார்த்தியின் பாட்டு நின்றதை மட்டும் நான் இதுவரை கேட்கவே இல்லை.